நிரோதி ஏன் ஒட்டிக்கொள்கிறது? நொதியத்தின் உயிர்ப்பு மையமும் மூலக்கூற்றிடை விசைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியலும் இரசாயனவியலும் சொல்லிக்கொடுக்கிறேன். நொதிய நிரோதிகள் உயிரியல் பாடத்தில் வருகின்றன, மூலக்கூற்றிடை விசைகள் இரசாயனவியலில் வருகின்றன. இரண்டும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள் என்று பிள்ளைகளுக்கு யாரும் சேர்த்துக் காட்டுவதில்லை. அதனால் ஒவ்வொரு வருடமும் அதே சந்தேகங்கள் வருகின்றன. வந்தாறுமூலைக்கும் சம்மாந்துறைக்கும் பல்கலைக்கழகம் போன பழைய பிள்ளைகளும் திரும்பி வந்து கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். இலகுவானவை முதலில் வரும்.

நிரோதி நொதியத்தைத் தடுக்குது எண்டு எழுதுறம். உண்மையில அங்க என்னதான் மிஸ் நடக்குது?

நொதியம் ஒரு பெரிய புரதம். அதன் மேற்பரப்பில், அல்லது சற்று உள்ளே, ஒரு சிறு குழி இருக்கும். அதுதான் உயிர்ப்பு மையம். அந்தக் குழியின் சுவர்களில் சில அமினோ அமிலங்களின் பக்கச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். சிலவற்றில் ஏற்றம் உண்டு, சிலவற்றில் ஐதரசன் பிணைப்பு ஆக்கக்கூடிய கூட்டங்கள் உண்டு, சில வெறும் ஐதரோகாபன் துண்டுகள். கீழ்ப்படை மூலக்கூறு (நொதியம் மாற்றவேண்டிய மூலக்கூறு) இவற்றோடு சேர்ந்து நின்றால்தான் தாக்கம் நடக்கும். நிரோதி அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கீழ்ப்படைக்கு இடமில்லை.

"உட்கார்ந்திருக்கும் நேரத்தில்" என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலான நிரோதிகள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கின்றன. நொதியமும் நிரோதியும் சேர்ந்த சிக்கல் ஒருபக்கம், இரண்டும் தனித்தனியாக நீரில் இருக்கும் நிலை மறுபக்கம். இது ஒரு சமநிலை. அந்தச் சமநிலை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை முடிவு செய்பவை மூலக்கூற்றிடை விசைகள். (இப்படிக் கீழ்ப்படையின் இடத்துக்கே போட்டியிடுபவை போட்டி நிரோதிகள். போட்டியற்ற நிரோதிகள் வேறோர் இடத்தில் பிணைகின்றன. ஆனால் அங்கேயும் இதே விசைகள்தான், இதே கணக்குத்தான்.)

மூலக்கூற்றிடை விசை எண்டா பலவீனமானது எண்டுதானே படிச்சம்? அது எப்பிடி ஒரு நொதியத்தையே நிப்பாட்டும்?

ஒன்றை மட்டும் எடுத்தால் பலவீனம்தான். ஒரு காபன்-காபன் ஒற்றைப் பிணைப்பை உடைக்க மூலுக்கு ஏறக்குறைய 346 கிலோயூல் வேண்டும். நீரில் ஓர் ஐதரசன் பிணைப்பு 20 கிலோயூல் அளவில். தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு அணுக்களுக்கு இடையிலான இலண்டன் கலைவு விசை ஒரு கிலோயூல் அளவில், பல சமயம் அதற்கும் குறைவு.

ஆனால் ஒரு நிரோதி உயிர்ப்பு மையத்துக்குள் சரியாகப் பொருந்தும்போது, அதன் அணுக்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு புரத அணுவைத் தொட்டுக்கொண்டிருக்கும். பத்து, இருபது, முப்பது தொடுகைகள் ஒரே நேரத்தில் சேர்கின்றன. நல்லதொரு மருந்து நனோமோலர் செறிவிலேயே (லீற்றருக்கு ஒரு மூலின் நூறு கோடியில் ஒரு பங்கு) பிணைகிறது என்றால், சுயாதீன சக்தியில் அது மூலுக்கு 51 கிலோயூல் அளவான இலாபம். மேலே சொன்ன காபன்-காபன் பங்கீட்டுவலுப் பிணைப்பில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு மட்டுமே. அவ்வளவு சிறிய தொகையே நொதியத்தை ஏறக்குறைய முழுமையாக நிறுத்தப் போதுமானது.

அப்ப என்னென்ன விசை உள்ள வேலை செய்யுது? எல்லாத்தையும் எழுதோணுமா?

இரசாயனவியலில் படித்த எல்லாமே உண்டு. எதிரெதிர் ஏற்றங்களுக்கு இடையிலான அயன்-அயன் கவர்ச்சி (நிரோதியின் காபொட்சிலேற்று ஒருபக்கம், நொதியத்தின் ஆர்ஜினின் அல்லது லைசின் மறுபக்கம்), ஐதரசன் பிணைப்பு, இருமுனைவுகளுக்கு இடையிலான கவர்ச்சி, எங்கும் எப்போதும் இருக்கும் இலண்டன் விசை. இவற்றோடு நீர்வெறுப்பு விளைவும் சேரும். அது தனிக் கதை, கீழே வருகிறது.

பெயர்களை விட முக்கியமானது தூரம். ஏற்றங்களுக்கு இடையிலான சக்தி தூரத்தோடு மெதுவாகவே குறையும். தூரம் இரட்டித்தால் பாதியாகும். இலண்டன் விசையின் சக்தி தூரத்தின் ஆறாம் அடுக்குக்கு நேர்மாறு விகிதம், எனவே தூரம் இரட்டித்தால் 64இல் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆகவே ஏற்றம் நிரோதியைத் தூரத்திலிருந்தே குழியை நோக்கி இழுக்கும். இலண்டன் விசை, சுவரோடு சுவராக ஒட்டிய பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும். ஐதரசன் பிணைப்புக்குத் தூரத்தோடு திசையும் வேண்டும். வழங்கும் அணுவுக்கும் ஏற்கும் அணுவுக்கும் இடையே 0.27 முதல் 0.32 நனோமீற்றர் வரை தூரம், நடுவில் ஐதரசன் கிட்டத்தட்ட நேர்கோட்டில்.

ஐதரசன் பிணைப்பு கூடக் கூட நிரோதி இறுக்கமாப் பிணையும். சரிதானே?

இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான். விடை: இல்லை, அப்படிச் சொல்ல முடியாது. ஏனென்று ஆறுதலாகப் பார்ப்போம்.

நிரோதி உயிர்ப்பு மையத்துக்கு வெற்றிடத்திலிருந்து வரவில்லை, நீரிலிருந்து வருகிறது. அதன் ஒவ்வொரு ஐதரொட்சிற் கூட்டமும், ஒவ்வோர் அமைன் கூட்டமும் ஏற்கனவே நீர் மூலக்கூறுகளோடு ஐதரசன் பிணைப்பில் இருக்கிறது. வெற்றாகத் தெரியும் உயிர்ப்பு மையமும் வெற்றல்ல, அங்கும் நீர் நிறைந்திருக்கிறது. நிரோதி உள்ளே போகும்போது இந்தப் பழைய பிணைப்புகள் எல்லாம் உடையவேண்டும். அதற்குப் பிறகுதான் புதியவை. ஆகவே வரவு செலவு பார்க்கவேண்டும். நிரோதி-நீர் பிணைப்பு ஒன்றும் நொதியம்-நீர் பிணைப்பு ஒன்றும் போகின்றன, நிரோதி-நொதியம் பிணைப்பு ஒன்றும் நீர்-நீர் பிணைப்பு ஒன்றும் வருகின்றன. இரண்டு போய் இரண்டு வந்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1985இல் அலன் பெர்ஷ்ட் குழுவினர் ஒரு நொதியத்தின் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக மாற்றி, ஒரேயோர் ஐதரசன் பிணைப்பை இழந்தால் எவ்வளவு நட்டம் என்று பார்த்தார்கள். ஏற்றமில்லாத கூட்டங்கள் என்றால் மூலுக்கு ஏறத்தாழ 2 முதல் 6 கிலோயூல். 20 அல்ல! ஒரு பக்கம் ஏற்றமுள்ளதாக இருந்தால் 15 முதல் 19 கிலோயூல் வரை போனது. இன்னொரு விடயமும் இருக்கிறது. நிரோதியின் முனைவுள்ள கூட்டம் ஒன்று உள்ளே போய், நீரையும் இழந்து, நொதியத்தில் சோடியும் கிடைக்காமல் நின்றால், அந்தக் கூட்டம் இருப்பதை விட இல்லாதிருப்பதே நல்லது. ஐதரசன் பிணைப்பு ஆக்கக்கூடிய கூட்டங்களை எண்ணுவதால் மட்டும் பயனில்லை என்பது இதனால்தான்.

பிறகு ஏன் எல்லாப் புத்தகத்திலயும் ஐதரசன் பிணைப்பைப் பெரிசாப் போட்டிருக்கு?

தெரிவுக்காக. எந்த மூலக்கூறு எந்தக் குழிக்குள், எந்தப் பக்கம் பார்த்து உட்காரவேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் ஐதரசன் பிணைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. திசை பிழைத்தால் சோடி கிடைக்காது. சோடி கிடைக்காவிட்டால் மேலே சொன்ன நட்டம். நல்ல ஐதரசன் பிணைப்பு கொஞ்சம்தான் கொடுக்கும், தவறினால் நிறைய எடுத்துவிடும்.

நீர்வெறுப்பு விசை எண்டு ஒண்டு உண்மையில இருக்கா? இல்லாட்டி அது இலண்டன் விசைக்கு இன்னொரு பேரா?

இரண்டும் வேறு. எண்ணெயும் நீரும் ஒன்றையொன்று தள்ளுவதில்லை. அவற்றுக்கு இடையில் இலண்டன் கவர்ச்சிகூட இருக்கிறது. ஆனால் நீருக்கு நீரோடு இருக்கும் பிடிப்பு அதைவிட மிக அதிகம். ஒரு ஐதரோகாபன் துண்டு நீருக்குள் இருந்தால், அதைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் தங்கள் ஐதரசன் பிணைப்புகளைக் காப்பாற்றிக்கொள்ள ஒருவித ஒழுங்கில் நிற்கவேண்டி வருகிறது. ஒழுங்கு கூடினால் எந்திரப்பி (ஒழுங்கின்மையின் அளவு) குறையும். அந்தத் துண்டு உயிர்ப்பு மையத்தின் நீர்வெறுக்கும் மூலைக்குள் போய்விட்டால், அந்த நீர் விடுபட்டு மற்ற நீரோடு கலக்கும். எந்திரப்பி கூடும்.

அறை வெப்பநிலையில் இந்த எந்திரப்பி ஏற்றம்தான் நீர்வெறுப்பு விளைவுக்குப் பெரிய காரணம். உள்ளே போன பிறகு சுவரோடு கிடைக்கும் இலண்டன் தொடுகைகள் அதற்கு மேல். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நன்றாகப் பொருந்தும் ஒரு மெதிலீன் (CH₂) கூட்டத்துக்கு மூலுக்கு ஏறத்தாழ 3 கிலோயூல் கிடைக்கும். ஏற்றமில்லாத ஓர் ஐதரசன் பிணைப்பின் தேறிய இலாபமும் இதே அளவுதான் என்பதைப் போன விடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மருந்து மூலக்கூறுகளில் பென்சீன் வளையங்கள் ஏன் இவ்வளவு நிறைந்திருக்கின்றன என்று கேட்கும் பிள்ளைகளுக்கும் இதிலேயே பெரும்பகுதி விடை இருக்கிறது.

பூட்டும் திறப்பும் எண்டு எழுதவா, தூண்டிய பொருத்தம் எண்டு எழுதவா?

எமில் பிஷர் 1894இல் பூட்டும் திறப்பும் என்றார். 1958இல் டானியல் கொஷ்லாண்ட் தூண்டிய பொருத்தத்தை முன்வைத்தார். பரீட்சையில் கேள்வி எதைக் கேட்கிறதோ அதை எழுதுங்கள். ஆனால் மனதில் வைத்திருக்கவேண்டியது இரண்டாவதைத்தான். இலண்டன் விசைக்கும் ஐதரசன் பிணைப்புக்கும் தூரம் எவ்வளவு முக்கியம் என்று பார்த்தோம். பக்கச் சங்கிலிகள் கொஞ்சம் நகர்ந்து நெருங்கினால்தான் அந்தத் தூரங்கள் சரியாக அமையும். அப்படி நகர்வதற்கும் ஒரு செலவு உண்டு, அதையும் இலாபத்தில் கழிக்கவேண்டும்.

போட்டி நிரோதி கீழ்ப்படை மாதிரியே இருக்கோணும் எண்டுதானே சொல்றாங்க?

பாடப்புத்தக உதாரணம் அப்படித்தான். சக்சினேற்றை ஒட்சியேற்றும் நொதியத்தை மலோனேற்று தடுக்கிறது. இரண்டிலும் இரண்டு காபொட்சிலேற்றுக் கூட்டங்கள், நடுவில் ஒரு காபன் மட்டும் குறைவு. ஏற்றங்கள் சரியான இடத்தில் நிற்பதால் குழி ஏற்றுக்கொள்கிறது. ஆனால் ஐதரசன் அகற்றப்படவேண்டிய அந்த இரண்டு அடுத்தடுத்த காபன்கள் மலோனேற்றில் இல்லை. தாக்கம் நடக்காது.

ஆனால் கடதாசியில் வரையும்போது ஒத்திருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. விசைகள் ஒத்துவந்தால் போதும். மெதொத்திரெக்சேற்று என்ற மருந்தை எடுங்கள். அது போலிக் அமிலத்தின் அச்சு அசல் போலத் தெரியும். ஆனால் நொதியத்துக்குள் அதன் இரட்டை வளையம், கீழ்ப்படையின் வளையம் நிற்கும் விதத்துக்குத் தலைகீழாகத் திரும்பி நிற்கிறது. அப்படித் திரும்பினால்தான் ஏற்றமுள்ள ஓர் ஐதரசன் பிணைப்பு, குழியின் அடியிலுள்ள அமிலப் பக்கச் சங்கிலியோடு சரியாக அமைகிறது. படத்தில் ஒத்திருப்பதைப் பார்த்து யாரும் இதை ஊகித்திருக்க முடியாது.

கொலஸ்திரோலுக்குக் கொடுக்கும் ஸ்டற்றின் மருந்துகள் மறுபக்கத்துக்கு உதாரணம். அவற்றின் ஒரு முனை மட்டும் கீழ்ப்படையைப் போன்றது. மீதி முழுவதும் பெரிய நீர்வெறுக்கும் வளையங்கள். ஸ்டற்றின்கள் தடுக்கும் நொதியத்தோடு அதன் கீழ்ப்படை மைக்ரோமோலர் மட்டத்தில்தான் பிணைகிறது. ஸ்டற்றின்கள் நனோமோலர் மட்டத்தில். 2001இல் வெளிவந்த பளிங்குக் கட்டமைப்புகளில், நொதியத்தின் முடிவுப் பகுதி ஒதுங்கி நிற்க, அங்கே வெளிப்படும் ஆழமற்ற நீர்வெறுக்கும் பள்ளத்தில் அந்த வளையங்கள் படிந்திருப்பதைக் காணலாம். ஆயிரம் மடங்கு வித்தியாசத்துக்கு அந்த வளையங்கள்தான் முக்கிய காரணம்.

நிரோத மாறிலி எண்டா என்ன? அதை விசையோட எப்பிடித் தொடுக்கிறது?

நிரோத மாறிலி என்பது நொதியம்-நிரோதிச் சிக்கல் பிரியும் சமநிலைக்கான மாறிலி. கீழ்ப்படை இல்லாதபோது, நொதியத்தில் பாதியை நிரப்பத் தேவையான சுயாதீன நிரோதிச் செறிவு என்று எடுத்துக்கொள்ளலாம். சிறிய எண் என்றால் இறுக்கமான பிணைப்பு.

தொடுப்புக்கு ஒரேயோர் எண் நினைவில் இருந்தால் போதும்: 25 பாகை செல்சியசில் மூலுக்கு 5.7 கிலோயூல் கூடினால் பிணைப்பு பத்து மடங்கு இறுகும். இப்போது மேலே சொன்னவற்றை மொழிபெயர்த்துப் பாருங்கள். ஏற்றமில்லாத ஓர் ஐதரசன் பிணைப்பை இழந்தால் இரண்டு முதல் பதினொரு மடங்கு வரை பலவீனமாகும். ஏற்றமுள்ளதை இழந்தால் சில நூறு முதல் இரண்டாயிரம் மடங்கு வரை. ஒரு மெதிலீன் கூட்டம் மூன்று மடங்குக்குச் சற்று மேல். சக்தியில் சிறிய மாற்றம் மாறிலியில் மடங்குகளாக வருவதற்குக் காரணம், இரண்டுக்கும் இடையில் மடக்கைத் தொடர்பு இருப்பதுதான்.

கீழ்ப்படையைக் கூட்டிக்கொண்டே போனா போட்டி நிரோதியை வெல்லலாம் எண்டு சொல்றீங்க. இறுக்கமாப் பிணைஞ்ச நிரோதியையும் வெல்லலாமா?

கொள்கையில் ஆம். தாக்கத்தின் உச்ச வீதம் மாறாது என்று வரைபில் காட்டுவது அதைத்தான். நடைமுறையில், நிரோதி கீழ்ப்படையை விட ஆயிரம் மடங்கு இறுக்கமாகப் பிணைந்தால், சம செறிவு நிரோதியை ஈடுசெய்யக் கீழ்ப்படை ஆயிரம் மடங்கு வேண்டும். கலத்துக்குள் அவ்வளவு சேர இடமில்லை.

ஒரேயொரு மெதிலீன் கூட்டத்தால அப்பிடி என்ன பெரிய வித்தியாசம் வந்திரப் போகுது?

கவர்ச்சியில் மூன்று மடங்குதான், சரி. ஆனால் அணுக்கள் ஒன்றையொன்று மோதத் தொடங்கினால் தள்ளுவிசை மிகச் செங்குத்தாக ஏறும். அப்போது ஒரு காபன் அணு முழு விளையாட்டையும் மாற்றிவிடும். இதற்கு இரண்டு உதாரணங்கள் சொல்வேன், இரண்டும் எனக்கு மிகவும் பிடித்தவை.

முதலாவது நோவு மருந்துகள். நம் உடலில் சைக்கிளோ-ஒட்சிசனேசு நொதியம் இரண்டு வகை. முதல் வகை இரைப்பையைப் பாதுகாக்கும் வேலையும் செய்கிறது. இரண்டாம் வகை வீக்கத்தோடும் நோவோடும் கூடுதலாகத் தொடர்புடையது. முதல் வகையின் குழியில் 523ஆம் இடத்தில் ஐசோலூசின் என்ற அமினோ அமிலம், இரண்டாம் வகையில் அதே இடத்தில் வேலின். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மெதிலீன் கூட்டம் மட்டுமே. அந்தச் சிறு இடைவெளியால் இரண்டாம் வகையில் ஒரு பக்க அறை திறக்கிறது. செலிகொக்சிப் மருந்தின் சல்போனமைட்டுக் கூட்டம் அந்த அறைக்குள் போய் உட்காருகிறது. முதல் வகையில் அதற்கு வழியில்லை.

இரண்டாவது, வட்டைப் (வயல்) பக்கம் எல்லாருக்கும் தெரிந்த களைநாசினி கிளைபோசேற்று. இலங்கையில் 2015இல் தடை செய்யப்பட்டு, பின்னர் தளர்த்தப்பட்ட அதே மருந்து. தாவரங்கள் நறுமண அமினோ அமிலங்களை ஆக்கப் பாவிக்கும் ஒரு நொதியத்தில், பொசுபோஈனோல்பைருவேற்று உட்காரும் இடத்தை இது பிடித்துக்கொள்கிறது. சிறிய மூலக்கூறுதான், ஆனால் ஏற்றங்கள் நிறைந்தது, குழியும் ஏற்றமுள்ள பக்கச் சங்கிலிகள் நிறைந்தது. அந்தக் குழியில் ஒரு கிளைசின் இருக்கும் இடத்தில் அலனின் வந்தால், கூடுதலாக வருவது ஒரு மெதயில் கூட்டம். அது கிளைபோசேற்றோடு மோதுகிறது. கீழ்ப்படை சற்றுச் சிறியது, அதனால் தப்பிவிடுகிறது. கிளைபோசேற்றைத் தாங்கும் பயிர்களில் புகுத்தப்பட்ட பற்றீரிய நொதியத்தில் அந்த இடத்தில் இருப்பது அலனின்தான்.

பீஎச் மாறினா நிரோதியும் கழண்டு போகுமா?

போகலாம். பீஎச் மாறினால் கூட்டங்களின் ஏற்றம் மாறும். காபொட்சிலிக் கூட்டம் நடுநிலை பீஎச்சில் பெரும்பாலும் எதிர் ஏற்றத்தோடு இருக்கும், நன்றாக அமிலமானால் அதை இழக்கும். ஹிஸ்டிடின் பீஎச் 6 அளவில் மாறும். ஏற்றமுள்ள சோடி ஒன்றை இழப்பதன் விலை என்ன என்று நிரோத மாறிலிக் கேள்வியில் பார்த்தோம்.

நேர் ஏற்றமுள்ள மூலக்கூறைப் பிடிக்க எதிர் ஏற்றமுள்ள அமினோ அமிலம்தானே வேணும்?

எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். அசற்றைல்கோலினில் நேர் ஏற்றமுள்ள நைதரசன் இருக்கிறது, அதை உடைக்கும் அசற்றைல்கோலினெசுத்தரேசின் குழியில் அந்த இடத்துக்கு "எதிரயன் தானம்" என்றே பெயர் வைத்திருந்தார்கள். 1991இல் மின்திருக்கை மீனிலிருந்து எடுத்த நொதியத்தின் கட்டமைப்பு வெளிவந்தது. ஏறத்தாழ 2 நனோமீற்றர் ஆழமான ஒடுங்கிய கிடங்கு, சுவர்களில் பதினான்கு நறுமணப் பக்கச் சங்கிலிகள். நேர் ஏற்றம் வந்து நிற்கும் இடத்தில் முக்கியமாக இருந்தது திரிப்தோபனின் வளையம்.

நறுமண வளையத்தின் இரு முகங்களிலும் பை இலத்திரன் முகில் உண்டு. அந்த முகங்கள் சற்று எதிர்த்தன்மை கொண்டவை. நேர் அயன் அதற்கு மேல் வந்து நின்றால் கவர்ச்சி உண்டாகும். இதைக் கற்றயன்-பை கவர்ச்சி என்பார்கள். முழு எதிர் அயனை வைத்தால் அதைச் சுற்றியுள்ள நீரைக் கழற்றுவதற்கே பெரும் செலவாகும். வளையத்தைச் சுற்றி அப்படி இறுக்கமான நீர் கிடையாது. ஐதரசன் பிணைப்புக் கேள்வியில் போட்ட அதே வரவு செலவுதான் இங்கேயும்.

எங்கட வாப்பா வட்டைக்கு மருந்தடிக்கிறவர். அந்தப் பூச்சி மருந்தும் இப்பிடித்தான் நொதியத்தைப் பிடிக்குதா?

ஒகனோபொசுபேற்று, காபமேற்று வகைப் பூச்சிநாசினிகள் பிடிப்பது இப்போது சொன்ன அதே நொதியத்தைத்தான். பூச்சிக்கும் அது உண்டு, மனிதருக்கும் உண்டு. இரண்டு படிகளில் நடக்கிறது. முதலில் மூலக்கூறு மூலக்கூற்றிடை விசைகளால் கிடங்கின் அடியில் சரியாக அமர்கிறது. அதற்குப் பிறகுதான் செரின் பக்கச் சங்கிலியின் ஒட்சிசன் அதைத் தாக்கி, பங்கீட்டுவலுப் பிணைப்பு உண்டாகிறது. முதல் படி சரியாக அமையாவிட்டால் இரண்டாம் படிக்கு வாய்ப்புக் குறைவு.

காபமேற்று ஒட்டிய நொதியம் சில மணித்தியாலங்களில் தானாக விடுபட்டுவிடும். பொசுபேற்று ஒட்டியது அப்படி இலகுவாக விடாது. அத்தோடு, ஒட்டிய கூட்டம் நேரம் போகப் போக ஓர் அற்கைல் துண்டை இழந்து எதிர் ஏற்றம் பெறும். அந்த ஏற்றத்தைப் பக்கத்திலுள்ள ஹிஸ்டிடினும் மற்றக் கூட்டங்களும் பிடித்து உறுதியாக்கிவிடும். இதை முதுமையடைதல் என்கிறார்கள். அதன் பிறகு பிரலிடொக்சிம் போன்ற மருந்தாலும் நொதியத்தை மீட்க முடியாது. இருமெதயில் வகைகளில் இதன் பாதிக்காலம் நான்கு மணித்தியாலத்துக்கும் குறைவு, இரு எதயில் வகைகளில் ஒரு நாளுக்கு மேல். ஆஸ்பத்திரியில் முதலில் கொடுக்கும் அத்திரோப்பின் நொதியத்தைத் தொடுவதேயில்லை. மிஞ்சிப்போன அசற்றைல்கோலின் வேலைசெய்யும் வாங்கிகளை அது மறைக்கிறது.

வாப்பாவுக்குச் சொல்லுங்கள்: இவை பெரும்பாலும் நீர்வெறுக்கும் மூலக்கூறுகள், ஆகவே தோலால் ஊடுருவும். முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டு, காற்று அடிக்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி அடிக்கவேண்டும். மேலில் ஊற்றுப்பட்டால் உடுப்பைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டு உடனே கழுவவேண்டும். வியர்வை, எச்சில் ஊறுதல், கண் மங்கல், மூச்சு முட்டல் வந்தால் மருந்துப் போத்தலின் லேபிளையும் எடுத்துக்கொண்டு தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது மேலே உள்ள மணித்தியாலக் கணக்கிலேயே இருக்கிறது.

மீளும் நிரோதி எண்டா மூலக்கூற்றிடை விசை, மீளா நிரோதி எண்டா பங்கீட்டு வலு. இப்பிடிப் பிரிச்சு எழுதினாப் போதுமா?

உயர்தரப் பரீட்சைக்குப் போதும். உண்மையில் எல்லை அவ்வளவு நேரானதல்ல. காபமேற்று பங்கீட்டு வலுவால் ஒட்டியும் விடுபடுகிறது என்று இப்போதுதான் பார்த்தோம். மெதொத்திரெக்சேற்று எந்தப் பங்கீட்டு வலுவும் இல்லாமலே மிக இறுக்கமாக இருக்கிறது. அஸ்பிரினும் இபுபுரூபனும் ஒரே நொதியத்தின் ஒரே குழிக்குள்தான் போகின்றன. அஸ்பிரின் அங்குள்ள செரினில் அசற்றைல் கூட்டத்தை விட்டுவிட்டுப் போகிறது, அந்த நொதியம் மீளாது. இபுபுரூபன் எதையும் விடாமல் வெளியே வரும்.

நாங்க கம்பசில டொக்கிங் செய்யிறம். எங்கட மூலிகைச் சேர்வைக்கு ஸ்கோர் மைனஸ் 9.5 வந்திருக்கு. நல்ல மருந்துதானே?

டொக்கிங் என்பது, ஒரு மூலக்கூறு நொதியத்தின் குழியில் எப்படிப் பொருந்தும், எவ்வளவு இறுக்கமாகப் பிணையும் என்று கணினியில் கணக்கிடுவது. மைனஸ் 9.5 கிலோகலோரி என்றால், அதை அப்படியே நம்பினால், 0.1 மைக்ரோமோலர் அளவான பிணைப்பு. ஆனால் இந்த மென்பொருள்களின் வழு சாதாரணமாக 2 கிலோகலோரி அளவில் இருக்கும். மடங்கில் சொன்னால் முப்பது மடங்கு இந்தப் பக்கம், முப்பது மடங்கு அந்தப் பக்கம். அதோடு மூலக்கூறு பெரிதானால் தொடுகைகள் கூடி, ஸ்கோரும் தானாகவே ஏறும். மூலிகைகளிலுள்ள பெரிய பொலிபீனோல்கள் எந்த நொதியத்தோடு போட்டாலும் நல்ல ஸ்கோர் எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரிய ஓட்டை நீர். எய்ட்ஸ் வைரசின் புரொட்டியேசு நொதியத்தில், நிரோதிக்கும் நொதியத்தின் இரு மடல்களுக்கும் நடுவே ஒரு நீர் மூலக்கூறு ஐதரசன் பிணைப்புகளால் நிற்கும். 1994இல் ஒரு குழு, அந்த நீரின் இடத்தில் தன் ஒட்சிசனையே வைக்கும் வளைய யூரியாச் சேர்வைகளை வடிவமைத்தது. கட்டுண்ட ஒரு நீர் மூலக்கூறை விடுவித்தால் எந்திரப்பியால் மூலுக்கு அதிகபட்சம் 8 கிலோயூல் வரை கிடைக்கும். ஆனால் அந்த நீர் உள்ளே எவ்வளவு வசதியாக இருந்தது என்பதைப் பொறுத்து, இலாபம் முழுக்க இல்லாமலும் போகலாம். சாதாரண டொக்கிங்கில் நீரை முதலிலேயே அழித்துவிட்டுத்தான் தொடங்குகிறோம். ஆகவே ஸ்கோரைப் பரிசோதிக்கவேண்டிய ஊகமாக எழுதுங்கள். ஆய்வுகூடத்தில் நிரோத மாறிலியை அளந்த பிறகு மருந்து என்ற சொல்லைப் பாவியுங்கள்.

இறுக்கமாப் பிணையிற நிரோதியைக் கண்டுபிடிச்சிட்டா வேலை முடிஞ்சுதே. பிறகு ஏன் கிருமிகள் தப்புது?

இன்புளுவென்சா வைரசின் நியூரமினிடேசு என்ற நொதியத்துக்கு எதிராக 1999இல் இரண்டு மருந்துகள் பாவனைக்கு வந்தன. சனமிவிரில், கீழ்ப்படையைப் போன்ற கட்டமைப்பில் ஓர் ஐதரொட்சிற் கூட்டம் இருந்த இடத்தில் நேர் ஏற்றமுள்ள குவானிடின் கூட்டம் வைக்கப்பட்டது. அருகிலுள்ள குளுத்தாமிக் அமிலத்தின் எதிர் ஏற்றத்தைப் பிடிப்பதற்காக. அந்த மாற்றத்தால் பிணைப்பு ஆயிரக்கணக்கான மடங்கு இறுகியது.

ஒசெல்தமிவிர் இன்னொரு வழியில் போனது. அதில் நீர்வெறுக்கும் ஒரு கிளைத்த சங்கிலி இருக்கிறது. அது உட்கார, 276ஆம் குளுத்தாமிக் அமிலம் திரும்பி ஒதுங்கி இடம் கொடுக்கவேண்டும். 274ஆம் இடத்தில் ஹிஸ்டிடின் போய்ப் பெரிய தைரோசின் வந்த வைரசுகளில் அந்தத் திரும்பல் நடக்க முடியவில்லை. நீர்வெறுக்கும் அறை உருவாகவில்லை, மருந்து நழுவியது. 2007 முதல் 2009 வரை பருவகாலக் காய்ச்சல் வைரசில் இந்த மாற்றம் உலகம் முழுக்கப் பரவியது. சனமிவிர் கீழ்ப்படை உட்காரும் மாதிரியே உட்காருகிறது, அந்த 276ஆம் பக்கச் சங்கிலி நகரவேண்டிய தேவை அதற்கு இல்லை. அதே வைரசுக்கு எதிராக அது தொடர்ந்து வேலை செய்தது.